ஒரு லிட்டர் மிளகு எத்தனை கிராம்?

மாசி பிறந்தால் எங்கள் ஊர் முழுக்க மிளகு வாசனைதான். கொல்லிமலையின் பைல் நாட்டில் வீட்டு வாசல், பாறை, சிமென்ட் சாலையின் ஓரம் என்று வெயில் விழுகிற இடத்திலெல்லாம் தார்ப்பாய் விரித்து மிளகு காயும். சில்வர் ஓக் மரத்தில் ஒற்றை மூங்கில் ஏணியைச் சாய்த்து அப்பா கொடியிலிருந்து கொத்தைப் பறித்துப் போடுவார். அம்மா காலால் மிதித்து மணியை உதிர்ப்பார். மூன்று கிலோ பச்சை மிளகு காய்ந்தால் ஏறத்தாழ ஒரு கிலோ கிடைக்கும்.

பிறகு வியாபாரி வருவார். மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு ஒரு பிடி அள்ளுவார். உள்ளங்கையில் குலுக்கிப் பார்ப்பார். ஒன்றை எடுத்துக் கடிப்பார். "ஈரம் இருக்குதுப்பா. மூட்டைக்கு ரெண்டு கிலோ கழிச்சுக்கலாம்" என்பார். அப்பா சரி என்று தலையாட்டுவார். நான் பிறந்ததிலிருந்து பார்த்த மிளகு விற்பனை இதுதான். 50 கிலோ மூட்டை ஒவ்வொன்றும் எங்கள் வாசலிலேயே 48 கிலோவாகிவிடும்.

மலையிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிக் கீழே இறங்கி, விடுதியில் தங்கி, பி.பி.ஏ. படித்தவள் நான். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி. இரண்டாம் ஆண்டில் சந்தைப்படுத்துதல் பாடம் வந்தது. 1960-இல் ஜெரோம் மெக்கார்த்தி வகுத்த நான்கு 'பி'க்களோடு அது தொடங்கும்: பொருள், விலை, இடம், விளம்பரம். விலையை எப்படி நிர்ணயிப்பது என்பதற்கே ஒரு அத்தியாயம் இருந்தது. செலவோடு லாபம் சேர்த்து வைக்கும் விலை, போட்டியைப் பார்த்து வைக்கும் விலை, புதுப் பொருளை அறிமுகப்படுத்த வைக்கும் குறைந்த விலை. ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண் கேள்வி உண்டு. எல்லாவற்றையும் படித்தேன், எழுதினேன், நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். ஆனால் அந்த அத்தியாயம் முழுவதிலும் விற்கிறவர்தான் விலை சொல்கிறார். எங்கள் அப்பா இத்தனை வருடத்தில் எந்த விளைச்சலுக்கும் விலை சொன்னதே இல்லை. கேட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறார்.

மிளகில் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். மலையில் ஒரு காலத்தில் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த கொல்லைகளில் பெரும்பகுதி மரவள்ளிக்குப் போய்விட்டது. கிழங்கு கீழே சேலம், நாமக்கல் மாவட்ட ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. அங்கே விலை 'பாயிண்ட்' கணக்கு. கிழங்கைத் தண்ணீரில் முக்கி எடை பார்த்து, மாவுச்சத்து இத்தனை பாயிண்ட் என்று எழுதுவார்கள். ஒரு பாயிண்டுக்கு இத்தனை ரூபாய் என்று பெருக்கினால் அந்த லோடுக்கான விலை. பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது என்பதால், பாயிண்ட் குறைவு என்று சொன்னால் வண்டியைத் திருப்பிக்கொண்டு மலையேற முடியாது. பத்து மாதம் வெயிலிலும் பனியிலும் கிழங்கை வளர்த்தவர் அந்தத் தராசைப் பெரும்பாலும் கண்ணால் பார்த்ததில்லை. கிழங்கு ஏற்றிய லாரி போன திசையைப் பார்த்துக்கொண்டு மலையில் நிற்பார்.

இந்த மலையிலிருந்து ஒரு பெண்ணோ பையனோ வணிக மேலாண்மை படிக்கக் கீழே போகும்போது, வீட்டார் எதிர்பார்ப்பது இந்தத் தராசுக்கு ஒரு பதில். அந்தப் பதிலைக் கற்றுக்கொடுக்கும் இடம் பாடத்திட்டத்தில் இல்லை என்பதுதான் என் புகார். பாடத்திட்டத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. எனக்கு அது நிறையக் கொடுத்திருக்கிறது. அதில் ஒரு பருவத்தை மாற்றி அமைத்தால் போதும் என்கிறேன்.

எந்தப் பருவம் என்றால், ப்ராஜெக்ட் செய்கிற பருவம். மேலாண்மை படித்த எவரைக் கேட்டாலும் தெரியும். 'இன்ன ஊரில் இன்ன சோப்பு பற்றிய வாடிக்கையாளர் மனநிறைவு: ஓர் ஆய்வு' என்று ஒரு தலைப்பு. நூறு பேருக்குக் கேள்வித்தாள். வயது, பாலினம், மாத வருமானம் என்று அட்டவணை. ஒவ்வொரு அட்டவணைக்கும் கீழே ஒரு வட்ட வரைபடம். பொன் எழுத்தில் பெயர் போட்டு பைண்டிங். என் வகுப்பில் பலர் அந்த நூறு தாள்களையும் விடுதி அறையில் உட்கார்ந்து தாங்களே நிரப்பினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த ஆய்வின் முடிவுக்காக எந்தக் கடைக்காரரும் காத்திருக்கவில்லை என்று அவர்களுக்குத் தெரியும், ஆசிரியருக்கும் தெரியும். இருபது வயதில் ஆறு மாதம் என்பது பெரிய காலம். அதை இப்படிச் செலவழிக்க வைப்பது எனக்கு வேதனையாக இருந்தது.

தொழில்முனைவு பாடத்துக்கும் எங்கள் வாழ்க்கைக்கும் இதே தூரம்தான். அதில் காக்கிநாடா பரிசோதனை என்று ஒன்று வரும். 1964-இல் டேவிட் மெக்கிளெலண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர், காக்கிநாடாவைச் சேர்ந்த 52 பேருக்கு ஹைதராபாத்தில் பயிற்சி கொடுத்து, சாதிக்க வேண்டும் என்ற உந்துதலைப் பயிற்சியால் வளர்க்க முடியுமா என்று பார்த்தார். முடியும் என்றார். நல்ல ஆய்வுதான். ஆனால் பாடம் அதோடு நின்றுவிடுவதால், தொழில் தொடங்காதவருக்கு உந்துதல் போதவில்லை, துணிச்சல் போதவில்லை என்ற எண்ணம் மாணவர் மனதில் படிந்துவிடுகிறது. எங்கள் அம்மா ஒவ்வொரு ஆடியிலும் மழையை நம்பிச் சாமை விதைக்கிறவர். ஒரு நாள் ராத்திரியில் காட்டுப்பன்றி வந்து முழுக்கொல்லையையும் உழுதுவிட்டுப் போன வருடம் உண்டு. அடுத்த வருடமும் விதைத்தார். துணிச்சல் என்ற தலைப்பில் அவருக்கு வகுப்பெடுக்க யாராலும் முடியாது.

இனி என் கணக்கைச் சொல்கிறேன். படிப்பு முடிந்து ஊருக்கு வந்தபின், 2025 பருவத்தில் எங்கள் மிளகில் 40 கிலோவைத் தனியே எடுத்து, நானே பாக்கெட் போட்டு விற்பது என்று இறங்கினேன். வகுப்பில் படித்த அத்தனையையும் செய்தேன். உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுத்தேன். என்னைப் போன்ற சிறிய ஆளுக்கு அப்போது ஆண்டுக்கு 100 ரூபாய்தான் கட்டணம். லேபிளில் எடை, பொதிந்த மாதம், அதிகபட்ச விலை, முகவரி, தொடர்பு எண் எல்லாம் சட்டப்படி அச்சடித்தேன். ஷாம்புவைச் சிறு பாக்கெட்டில் போட்டு ஏழை வீட்டுக்கும் கொண்டுபோன கடலூர் சின்னி கிருஷ்ணன் கதையைப் படித்தவள் என்பதால், எல்லாவற்றையும் 100 கிராம் பாக்கெட்டாகவே போட்டேன்.

புடைத்துப் பொக்கு மணியையும் தூசியையும் நீக்கியதில் 3 கிலோ போனது. மீதி 37 கிலோ. 370 பாக்கெட், ஒன்று 90 ரூபாய், ஆக 33,300 ரூபாய். பொக்கு மிளகை 900 ரூபாய்க்கு வியாபாரியே எடுத்துக்கொண்டார். மொத்த வரவு 34,200. செலவில் கவருக்கும் லேபிளுக்கும் 1,480, பஸ்ஸுக்கும் சுமைக்கும் 2,160. பாதிப் பாக்கெட்டைக் கடைகள் வழியாக விற்றதால் கடைக்காரர்களுக்கு 2,775. எல்லாம் போக 27,785. அதே 40 கிலோவை வாசலிலேயே வியாபாரிக்குக் கிலோ 600 ரூபாய்க்குப் போட்டிருந்தால் 24,000 கிடைத்திருக்கும். 3,785 ரூபாய் கூடுதல் என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

அன்று ராத்திரி நோட்டை மறுபடி பார்த்தபோது ஒரு செலவு அதில் இல்லை என்று உறைத்தது. புடைத்தது, தரம் பிரித்தது, நிறுத்துப் போட்டது எல்லாம் அம்மா. 11 நாள். அப்போதைய 100 நாள் வேலைக் கூலி நாளுக்கு 319 ரூபாய். அந்தக் கணக்கில் 3,509 ரூபாய். அதைக் கழித்தேன். மீதி 276 ரூபாய். நான் அலைந்த நாள்களுக்கு ஒன்றுமே எழுதவில்லை. பணம் முழுதாகக் கைக்கு வர நான்கு மாதம் ஆனது.

அதே பருவத்தில் இன்னொரு காரியமும் செய்தேன். மிளகு வணிகத்தில் தரத்தை லிட்டருக்கு இத்தனை கிராம் என்று எடையால் சொல்வார்கள். நெற்றுப் பிடித்த கனமான மணி என்றால் எடை கூடும், பொக்கு என்றால் குறையும். ஏற்றுமதிச் சந்தையில் 500 கிராம், 550 கிராம் என்று இந்த எண்ணை வைத்தே பேச்சு. எங்கள் மலையில் இதைச் செய்து பார்த்த வீட்டை நான் கண்டதில்லை. ஒரு லிட்டர் படியும், சின்ன டிஜிட்டல் தராசும் வாங்கினேன். எங்கள் மிளகைத் தலைதட்டி அளந்து நிறுத்தேன்: 512 கிராம். புடைத்தபின் 548. காய வைப்பதையும் மாற்றினோம். உதிர்த்த மிளகை மூங்கில் கூடையில் போட்டுக் கொதிக்கிற தண்ணீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்து விரித்தால் சீக்கிரம் காய்கிறது, எல்லா மணியும் ஒரே கறுப்பாக வருகிறது. நறுமணப் பயிர் ஆராய்ச்சிக்காரர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் முறை அது.

வியாபாரி வந்தார். பழையபடி ஈரம் என்று ஆரம்பித்தார். "அண்ணே, நீங்களே அளந்து பாருங்க" என்று படியையும் தராசையும் அவர் முன்னால் வைத்தேன். அவர் மூன்று மூட்டையிலும் கைவிட்டு அள்ளி, தானே தலைதட்டி, தானே நிறுத்தார். மூன்றும் ஏறத்தாழ ஒரே எடை. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "சரி, கழிவு வேண்டாம்" என்றார். மூன்று மூட்டைக்கு ஆறு கிலோ. 600 ரூபாய் வீதம் 3,600. படிக்கும் தராசுக்கும் சேர்த்து நான் போட்ட பணம் அன்றே திரும்பி வந்துவிட்டது.

370 பாக்கெட்டுக்கு 276 ரூபாய். ஒரு லிட்டர் படிக்கு 3,600. மூன்று வருடப் படிப்பில் பாக்கெட்டுக்கும் பிராண்டுக்கும் விளம்பரத்துக்கும் பக்கம் பக்கமாக இடம் இருந்தது. படிக்கு ஒரு வரி இல்லை.

அந்த வியாபாரியைக் கெட்டவராகக் காட்ட எனக்கு விருப்பமில்லை. அவரும் கீழே மண்டியில் இன்னொருவரிடம் ஈரத்துக்கும் தூசிக்கும் கழிவு கொடுத்துவிட்டுத்தான் வருகிறார். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த வருடம் நாங்கள் அவரிடம் முன்பணம் வாங்கியிருக்கவில்லை. பக்கத்து வீட்டில் பிள்ளை கல்யாணத்துக்கு ஐப்பசியிலேயே பணம் வாங்கி, கொடியில் இருந்த மிளகுக்கு அப்போதே விலை பேசிவிட்டார்கள். அவர்களுக்கு என் படியைக் கொடுத்தேன். அளந்தார்கள். எங்களைவிட நல்ல எடை வந்தது. ஆனாலும் பேச வாய் இல்லை. முன்பணத்துக்கு என்ன வட்டி என்பதைக் கிலோவுக்குக் குறைந்த விலையாக மாற்றிப் பார்ப்பது எளிய கணக்கு. அதையும் ஒரு பி.பி.ஏ. வகுப்பில் செய்து பார்க்கலாம். அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிற பாதிப் பிள்ளைகளின் வீட்டுக் கணக்கு அது.

தேடிப் போனால் எங்கள் பக்கத்திலேயே பாடம் இருக்கிறது. இதே நாமக்கல் மாவட்டத்தில் முட்டைக்கு ஒரு காலத்தில் விலை சொன்னவர்கள் வியாபாரிகள். 1982-இல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு உருவாகி, பண்ணையாளர்களே கொள்முதல் விலையை அறிவிக்கத் தொடங்கினார்கள். அந்த விலையிலும் 'மைனஸ்' என்று குறைத்து எடுப்பதை எதிர்த்துப் பல வருடம் சண்டை நடந்திருக்கிறது. இருந்தாலும் நாமக்கல் முட்டை விலை பேப்பரில் வருகிறது, பண்ணையாளர் அதைப் பார்த்துவிட்டுப் பேசுகிறார். விலை என்ற 'பி'யை வாங்குகிறவர் கையிலிருந்து விற்கிறவர் கைக்கு மாற்றிய கதை, கல்லூரி வாசலிலிருந்து ஒரு மணி நேர பஸ் தூரத்தில் நடந்திருக்கிறது. மூன்று வருடத்தில் ஒரு பண்ணையாளரைக்கூட எங்கள் வகுப்புக்கு அழைத்து வந்து பேச வைக்கவில்லை.

எங்கள் மலையைப் பற்றியே ஓர் ஆய்வுக் கட்டுரை இருப்பது கடைசிப் பருவத்தில், கல்லூரிக் கணினியில் வேறு எதையோ தேடியபோதுதான் தெரிந்தது. கியோம் க்ருயேர், லதா நாகராஜன், ஆலிவர் கிங் மூவரும் எழுதி 2009-இல் 'ஃபுட் பாலிசி' என்ற சர்வதேச இதழில் வந்தது. கொல்லிமலைச் சிறுதானியத்துக்குச் சந்தை எப்படி உருவானது என்பதுதான் பொருள். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் மலைக்கு வந்ததும், பெண்கள் குழுக்கள் சேர்ந்ததும், விதையைச் சேமித்ததும், சாமை குத்த இயந்திரம் வந்ததும் நாங்கள் வீட்டில் கேட்டு வளர்ந்த கதை. சாமைக்கு உமி கெட்டி. ஒரு வேளைச் சோற்றுக்கு உரலில் எவ்வளவு நேரம் குத்த வேண்டும் என்று ஆயா சொல்லும்போதே தோளைத் தடவிக்கொள்வார். சாமை விளைச்சல் குறைந்ததற்கு விலை ஒரு காரணம் என்றால், பெண்களின் தோள் இன்னொரு காரணம். இயந்திரம் வந்த பிறகே சாமையை அரிசியாக்கி விற்கலாம் என்ற பேச்சு வந்தது.

அந்தக் கட்டுரையாளர்கள் சொல்வது இது: தேவை கூட வேண்டும், பொருள் போய்ச் சேரும் வழி சீராக வேண்டும், அளிப்பைக் கட்டுப்படுத்த ஓர் ஏற்பாடும் வேண்டும். இல்லாவிட்டால், சந்தை சூடு பிடித்ததும் எங்கிருந்தோ வரும் சாமை இடத்தைப் பிடித்துக்கொள்ளும், மலைக்காரருக்கு ஒன்றும் மிஞ்சாது. இந்த மூன்றும் தனியாளால் ஆகாது, கூடித்தான் செய்ய வேண்டும். ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்திருந்த 2023-இல் நகரத்துக் கடைகளில் சாமைப் பாக்கெட் அடுக்கடுக்காக நின்றது. அதில் எங்கள் மலை ரகங்களான மல்லியச்சாமை எது, கட்டவெட்டிச்சாமை எது என்று எந்த லேபிளிலும் நான் பார்க்கவில்லை. மல்லியச்சாமை என்று பெயர் போட்டிருந்தால் இந்த மலையைக் கேட்டுத்தான் வந்தாக வேண்டும். வெறும் சாமைக்கு எங்கிருந்தும் வரலாம். மூன்றாவது நிபந்தனையை நான் புரிந்துகொண்டது அந்தக் கடை அலமாரி முன்னால் நின்றபோதுதான். என் 276 ரூபாயும் அதையே சொன்னது. ஒன்பது முறை நான் ஒருத்தி மட்டும் பஸ் ஏறி இறங்கிய செலவைப் பத்து வீடு பகிர்ந்திருந்தால் கணக்கே வேறு.

ஆகவே பல்கலைக்கழகப் பாடக் குழுக்களில் இருப்பவர்களிடம் என் கோரிக்கை. கேள்வித்தாள் ப்ராஜெக்ட்டுக்குப் பதிலாக, ஒரு மாணவர் தன் ஊரில் விளைகிற அல்லது செய்கிற ஒரு பொருளை ஒரு பருவம் முழுக்க, வாசலிலிருந்து வாங்குகிறவர் கை வரை பின்தொடரட்டும். மரவள்ளி என்றால் பாயிண்ட் போடும் இடத்துக்குப் போய் நிற்கட்டும். ராசிபுரம் நெய், திருச்செங்கோடு ரிக் வண்டி, நாமக்கல் லாரி பாடி என்று கீழே இருக்கிற பிள்ளைகளுக்கும் பொருளுக்குப் பஞ்சமில்லை. முடிந்தால் கொஞ்சமாவது தானே விற்கட்டும். நஷ்டம் வந்தால் மதிப்பெண் குறையக் கூடாது. மதிப்பெண், கணக்கு நோட்டுக்குத்தான். அதில் யாருடைய உழைப்பு எழுதப்படாமல் விட்டுப்போனது என்று வாய்மொழித் தேர்வில் கேட்கட்டும். தேர்வாளர் இருவரில் ஒருவர் சந்தையிலிருந்து வரட்டும். எங்கள் மலையின் சோளக்காடு சந்தையில் பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்தே பழுக்க எத்தனை நாளாகும் என்று சொல்லும் பெண்கள் இருக்கிறார்கள். விலை பேசுவது பற்றி அவர்கள் கேட்கும் கேள்விக்கு எந்தப் பாடப்புத்தகத்தையும் ஒப்பித்து ஒருவர் தப்பிக்க முடியாது.

2022-இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு நிறையத் திறன் பயிற்சி வந்திருக்கிறது. நல்லது. அதில் செல்போன் வழியாக விற்கச் சொல்லித் தருவதைப் போலவே, அளக்கவும் சொல்லித் தரலாம். ஈரம் பார்க்கிற கருவி ஒன்று, லிட்டர் படி ஒன்று, தராசு ஒன்று. ஒரு கல்லூரித் துறைக்கு இது பெரிய செலவே இல்லை.

இந்த மாசியில் எங்கள் ஊரில் ஏழு வீட்டு மிளகு ஒரே களத்தில் காய்கிறது. கொதிதண்ணீர் அடுப்பு ஒன்றுதான், முறை வைத்துக்கொள்கிறோம். படி எங்கள் திண்ணையில் தொங்குகிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம். பக்கத்து வீட்டுப் பெண் கீழே முதலாம் ஆண்டு பி.பி.ஏ. படிக்கிறாள். சனிக்கிழமை வந்தால் கணக்கு எழுதுவது அவள்தான். போன வாரம் புது நோட்டைத் திறந்து, வரவு, செலவு என்று இரண்டு தலைப்பு எழுதினாள். களத்தில் அவளுடைய ஆயா புடைத்துக்கொண்டிருந்தார். முறத்திலிருந்து தூசி எழுந்து வெயிலில் நின்றது. அவள் கொஞ்ச நேரம் அதையே பார்த்திருந்துவிட்டு, "அக்கா, ஆயாவோட நாளை எதுக்குக் கீழ எழுதறது?" என்று கேட்டாள். ஸ்கேல் இல்லை. தீப்பெட்டியை வைத்து மூன்றாவதாக ஒரு கோடு போட்டோம்.